சீலோவாம் கோபுரமும் நம் கூரைகளும்

இரும்பு உத்திரத்திலிருந்து விழுந்து மாண்ட தொழிலாளியின் அடக்கத் திருப்பலியில் நாம் வழக்கமாகக் கூறும் ஆறுதல் ஒன்றுண்டு: ‘எல்லாம் இறைவனின் திருவுளம்.’ அந்த ஆறுதலை இனி நாம் கூறலாகாது. அது ஆறுதலன்று, இறைவன்மேல் சுமத்தும் பழி.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் திட்டவட்டமாக மறுத்தார். உயிரோடிருப்போரையே மனம் மாற அழைத்தார். நாமோ இறந்தவனைக் குற்றம் சொல்கிறோம், அல்லது இறைவனைக் காரணம் காட்டுகிறோம். மனம் மாற மட்டும் மறுக்கிறோம்.

கனடாவின் கியூபெக் நகரருகே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் எழுந்துகொண்டிருந்த இரும்புப் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று இடிந்து விழுந்தது. 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாகே என்னும் ஒரே ஊரின் மோகாக் மக்கள். புனித கத்தேரி தெக்கக்விதாவின் கல்லறை உள்ள ஊர் அது. முக்கியமான உறுப்புகள் வளைந்து வருவதைப் பல நாள்களுக்கு முன்பே பொறியாளர்கள் கண்டிருந்தனர். மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று நியூயார்க்கிலிருந்த ஆலோசனைப் பொறியாளர் தந்தி அனுப்பினார்; அது பாலம் கட்டுமிடத்திற்குப் போய்ச் சேரவில்லை. இதில் எது இறைத்திட்டம்? வளைந்த இரும்பா, சேராத தந்தியா?

‘பட்டை கொடுத்தோம், அவன்தான் மாட்டவில்லை’ என்பார் ஒப்பந்தக்காரர். சில வேளைகளில் அது உண்மையே. ஆயினும், கொக்கியை மாட்டுவதற்கு மேலே உறுதியான கயிறு கட்டாதவிடத்துப் பட்டையால் பயன் என்ன? டன் கணக்கில் கூலி பேசினால், கொக்கியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு நொடியும் அவனுக்கு இழப்பன்றோ? அவனது கவனக்குறைவை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிட்டு, விழுந்தபின் அவனைக் கடிந்துகொள்வது நீதியாகாது.

செலவு மிகும் என்பது அடுத்த வாதம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டப்பட்டபோது அதன் அடியில் வலை விரித்தனர். விழுந்த 19 பேரை அது தாங்கியது. 1937 பிப்ரவரி 17 அன்று சாரமே பெயர்ந்து விழுந்து வலையைக் கிழிக்க, 10 பேர் மாண்டனர். வலை உயிர் காக்கும். ஆனால் சாரத்தின் பிடிப்பைச் சோதிக்காதவருக்கு அது சாக்குப்போக்காகாது என்பதே இதன் பாடம்.

புது வீடு கட்டுவோன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல் விழுபவனின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் தரும் கட்டளை. விழுந்தவனையன்று, கட்டியவனையே அது பொறுப்பாக்குகிறது. உடல்நலத்திற்குத் தீங்கு செய்யாத பணியிடம் தொழிலாளியின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பு பற்றிய தம் திருமடலில் கற்பித்தார்.

பிறரை நோக்கி விரல் நீட்டும் நாம், நம் ஆலயக் கூரைகளையும் பள்ளி மண்டபங்களையும் எவ்வாறு கட்டுகிறோம்? குறைந்த தொகை கேட்டவருக்கே பணியை அளிக்கிறோம். திருவிழாவுக்குள் முடிக்க நெருக்குகிறோம். மேலே நிற்பவன் எதைப் பற்றி நிற்கிறான் என்று கேட்டோமா? இனி, கயிறும் பட்டையும் வலையும் ஒப்பந்தத்தில் தனித் தொகையாக எழுதப்படாத எந்தக் கட்டடப் பணிக்கும் பங்குப் பேரவை ஒப்பமிடக் கூடாது. அர்ச்சிப்புக்குரிய தண்ணீரால் இரத்தப்பழியைக் கழுவ முடியாது.