இயற்கை வேளாண்மை: உழைப்பவருக்கு உரிய பங்கு எங்கே?

குஜராத் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மகாராஷ்டிர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது டாங் மாவட்டம். மக்கள்தொகையில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதிவாசிகள். 2021 நவம்பரில் மாநில ஆளுநரும் முதலமைச்சரும் இம்மாவட்டத்தை முழுமையான இயற்கை வேளாண்மை மாவட்டமாக அறிவித்தனர். ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாத வேளாண்மைக்கு நாட்டுக்கே முன்மாதிரி என்று டாங் அன்று முதல் எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது.

ஆனால், அம்மாவட்டத்தின் உழைக்கும் மக்கள் ஆண்டில் பாதிக் காலம் அங்கே வாழ முடிவதில்லை. மழைக்காலத்தில் விளையும் நெல்லும் கேழ்வரகும் அறுவடையானதும், குடும்பம் குடும்பமாகச் சூரத், நவ்சாரி, வல்சாட், பரூச் மாவட்டங்களின் கரும்பு வயல்களுக்குப் புறப்படுகின்றனர். முகாதம் எனப்படும் ஒப்பந்தக்காரர் மழைக்காலத்திலேயே முன்பணம் கொடுத்து அவர்களைப் பிணைத்து விடுகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கோய்தா’. அதாவது ஓர் அரிவாள், ஒரு கணக்கு. கூலி நாள் கணக்கில் அல்ல, வெட்டிய கரும்பின் டன் கணக்கில். வேலை நேரத்துக்கு வரம்பில்லை. திறந்தவெளியில் பிளாஸ்டிக் விரிப்புகளால் ஆன குடிசைகளே தங்குமிடம். பருவம் முடிந்ததும் முன்பணமும் அதன் வட்டியும் கழிக்கப்பட்டு மிச்சம் கைக்கு வருகிறது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, குஜராத் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி டன்னுக்கு 238 ரூபாயிலிருந்து 476 ரூபாயாக உயர்ந்தது. இவ்வுயர்வும் ஒவ்வொரு வயலிலும் முழுமையாகக் கிடைப்பதற்குத் தொழிலாளர்கள் மீண்டும் போராட வேண்டியுள்ளது.

நஞ்சில்லா நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், பிழைப்புக்காக நஞ்சு தெளிக்கப்பட்ட வயல்களில் கூலிகளாக வேலை செய்கின்றனர். நிலத்தில் இடப்படும் உரத்தை மட்டும் மாற்றி, நிலத்தில் உழைப்பவரின் வாழ்க்கையை மாற்றாமல் விடும் கொள்கையின் விளைவு இதுவே. இயற்கை வேளாண்மை குறித்த இன்றைய அரசின் கொள்கை முழுவதையும் இந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டியது அவசியமாகிறது.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 2,481 கோடி ரூபாய். 15,000 தொகுப்புகளில், 7.5 லட்சம் ஹெக்டேரில், ஒரு கோடி விவசாயிகளிடம் இயற்கை வேளாண்மையைக் கொண்டு செல்வது இலக்கு. ஏற்கெனவே 2016 ஜனவரியில் சிக்கிம் நாட்டின் முதல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்ற விவசாயிகளின் எண்ணிக்கையில் உலக நாடுகளில் இந்தியா முதலிடத்தில் உள்ளது. இத்துறை இனிமேலும் விரிவடையும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு விரிவடையும்போது அதில் யார், எந்த நிபந்தனைகளில் உழைக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்குத்தான் அரசிடம் விடையில்லை.

ரசாயனமற்ற வேளாண்மையை இடதுசாரி இயக்கம் எதிர்க்கவில்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான் தலைமுறைகளை ஊனமாக்கியது. அதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம். 2011இல் அந்நஞ்சுக்குத் தடை கிடைத்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் கூலிக்கு மருந்தடித்த நிலமற்ற தொழிலாளர்கள். நஞ்சின் முதல் பலி விவசாயத் தொழிலாளியே. ஆகவே நஞ்சற்ற வேளாண்மையால் முதலில் பயன்பெற வேண்டியவரும் அவரே.

ஆனால், நஞ்சை விலக்கியவுடன் உழைப்பின் தேவை கூடுகிறது. களைக்கொல்லிக்குப் பதிலாகக் கைக்களை. மூட்டை உரத்துக்குப் பதிலாகச் சாணம் அள்ளுதல், மக்கு உரம் சுமத்தல், கரைசல் தயாரித்தல். இவற்றுக்கு அடிப்படையாகக் கால்நடைப் பராமரிப்பு. இவ்வேலைகளில் பெரும்பகுதி பெண்களின் தோள்களில் விழுகிறது. சாகுபடிச் செலவு குறைகிறது என்ற பிரச்சாரத்தில் இந்த உழைப்பு கணக்கில் வருவதில்லை. குடும்பப் பெண் செய்தால் அதற்குக் கூலியில்லை. கூலிக்கு வருபவர் செய்தால் அது பருவகால வேலை. பருவம் முடிந்ததும் அவரைப் பற்றிய பதிவே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் 14.43 கோடி, சொந்தச் சாகுபடியாளர்கள் 11.88 கோடி. நிலத்தில் உழைப்போரின் இந்தப் பெரும்பான்மையைப் புறக்கணிக்கும் எந்த வேளாண் சீர்திருத்தமும் அரைகுறையானதே.

பெருந்தோட்டங்களில் இம்முரண்பாடு இன்னும் வெளிப்படையானது. டார்ஜிலிங்கில் புவிசார் குறியீடு பெற்ற 87 தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்றவை. அத்தேயிலை உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. 2014இல் ஒரு தோட்டத்தின் தேயிலை கிலோவுக்கு 1,850 டாலர் என்ற விலையைப் பெற்றது. அத்தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளர்களுடன், மார்ச் முதல் நவம்பர் வரையிலான கொழுந்துப் பருவத்துக்கு மட்டும் சுமார் 15,000 தற்காலிகத் தொழிலாளர்கள் அமர்த்தப்படுகின்றனர். ‘பிகா’ தொழிலாளர்கள் என்று அழைக்கப்படும் இவர்களுக்கு நிரந்தரத் தொழிலாளர்களுக்குரிய பாதுகாப்பு கிடையாது. மேற்கு வங்கத் தேயிலைத் தொழிலாளியின் நாள்கூலி 2023இல் தான் 250 ரூபாயாக உயர்ந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தொழிற்சங்கங்கள் மலைப்பகுதி முழுவதும் கடையடைப்பு நடத்த வேண்டியிருந்தது. இயற்கைத் தேயிலை என்ற பெயர் பெற்றுத் தரும் கூடுதல் விலை, கொழுந்து பறிக்கும் கைகளை வந்தடையவில்லை.

சர்வதேச இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு 2005இல் வகுத்த நான்கு கோட்பாடுகளில் ஒன்று நியாயம். ஆயினும் நடைமுறையில் ஆய்வாளரின் கவனம் மண், விதை, இடுபொருள், கொள்முதல் ரசீது ஆகியவற்றில் குவிகிறது. வருகைப் பதிவேடும் கூலிப் பட்டியலும் அதே கண்டிப்புடன் ஆராயப்படுவதில்லை.

கூலிக்குப் பதிலாகப் ‘பயிற்சி’ என்ற பெயரில் உழைப்பைப் பெறும் வழக்கமும் பரவி வருகிறது. நகரங்களை அடுத்த இயற்கைப் பண்ணைகளிலும் கால்நடைப் பண்ணைகளிலும் இளைஞர்கள் பயிற்சியாளர்களாகவும் தன்னார்வலர்களாகவும் சேர்க்கப்படுகின்றனர். உணவும் தங்குமிடமுமே பல இடங்களில் ஊதியம். சில இடங்களில் தங்குவதற்கு இளைஞர்களே பணம் செலுத்துகின்றனர். வேளாண்மையைக் கற்க விரும்பும் இளைஞர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. கற்றுக் கொடுக்கும் பண்ணைகளும் உண்டு. ஆனால் களை எடுப்பதும், அறுவடை செய்வதும், மாட்டுக் கொட்டில் துப்புரவு செய்வதும் நாள்தோறும் செய்யப்படும் வேலையாகி, அதன் விளைபொருள் சந்தையில் விற்கப்படும்போது, அது பயிற்சி அல்ல. கூலி கொடுக்கப்படாத உழைப்பு. வசதியுள்ள குடும்பத்தின் இளைஞரால் மட்டுமே ஊதியமின்றி மூன்று மாதம் தங்க முடியும். அவர் செய்யும் வேலைக்கு முன்பு கூலி பெற்று வந்த ஊர்த் தொழிலாளி தன் பிழைப்பை இழக்கிறார்.

அரசே இதற்கு வழிகாட்டியாக நிற்கிறது. வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பெறும் பணி அனுபவத்துக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை. பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டபோது அதில் மாதம் 5,000 ரூபாய்; அதில் நிறுவனத்தின் பங்கு வெறும் 500 ரூபாயாக இருந்தது. இயற்கை வேளாண்மையைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் ‘கிருஷி சகி’ பெண்கள் ஆண்டுக்கு 60,000 முதல் 80,000 ரூபாய் வரை ஈட்டலாம் என்று அரசு பெருமையுடன் கூறுகிறது. மாதக் கணக்கில் இது 5,000 முதல் சுமார் 6,700 ரூபாய்தான். அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களைப் போலவே இவர்களும் ஊழியர் என்ற தகுதியின்றிச் சேவை செய்பவர்களாக நடத்தப்படுகின்றனர்.

சட்டங்கள் செல்லும் திசையும் இதுவே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத் தொகுப்பு, தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் அமர்த்தப்படுவோரை ஊழியர் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. புதிய தொகுப்பு அந்த வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது. டாங்கிலிருந்து சூரத்துக்குச் செல்லும் ஆதிவாசியோ மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே அவரை அப்பிரிவு எட்டுவதே இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 2025 டிசம்பரில் மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட புதிய சட்டம், விதைப்பும் அறுவடையும் நடைபெறும் உச்சப் பருவத்தில் ஆண்டுக்கு 60 நாட்கள் வேலைத் திட்டப் பணிகளை நிறுத்தி வைக்க வகை செய்கிறது. 100 நாட்களை 125 நாட்களாக்கியதாக முழங்கும் அரசு, தொழிலாளிக்குப் பேரம் பேசும் வலிமை கிடைக்கும் அந்த ஒரு பருவத்தில் மாற்று வேலையை மறுக்கிறது. உழைப்பின் தேவை மிகுந்த இயற்கை வேளாண்மை விரிவடையும் காலத்தில், நிலவுடைமையாளர் சொல்லும் கூலிக்கே பணிய வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்த விவாதத்தில் சிறு விவசாயியை எதிரியாக நிறுத்துவது தவறாகும். டாங்கின் சிறு விவசாயியே கரும்பு வயலின் கூலித் தொழிலாளி. இயற்கை விளைபொருளுக்கென ஆதரவு விலையோ உறுதியான கொள்முதலோ இல்லை. சான்றிதழின் பலனை இடைத்தரகரும் பெருநிறுவன முத்திரைகளும் கொண்டு செல்கின்றன. மூன்று ஏக்கர் வைத்திருப்பவரால் கூடுதல் கூலியைத் தனியே தாங்க முடியாது. பெரும் தோட்ட முதலாளியும் ஏற்றுமதி நிறுவனமும் தாங்க முடியும்; தாங்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தே கோரிக்கைகள் வகுக்கப்பட வேண்டும்.

முதலாவதாக, சிறு விவசாயிகளின் நிலத்தில் மக்கு உரம் தயாரித்தல், வரப்பு அமைத்தல், களையெடுத்தல் ஆகிய பணிகளுக்கான கூலியை வேலை உறுதித் திட்டத்தின் வழியாக அரசு ஏற்க வேண்டும்; 60 நாள் நிறுத்தம் கைவிடப்பட வேண்டும். இரண்டாவதாக, இயற்கை விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலையும் அரசுக் கொள்முதலும் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, பருவகாலத் தொழிலாளர் ஒவ்வொருவரும், மாநிலத்துக்குள் புலம்பெயர்வோர் உட்பட, பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தபட்சக் கூலி, பெண்களுக்குத் தனிக்கணக்கில் சமக் கூலி, தங்குமிடம், விபத்துக் காப்பீடு ஆகியவை சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். நான்காவதாக, பயிற்சிக்குக் கால வரம்பும் எழுத்துவழிப் பாடத்திட்டமும் வேண்டும். விற்பனைக்கான உற்பத்தியில் ஈடுபடுத்தப்படும் எவருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை வழங்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, கிருஷி சகிகள் ஊழியர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

சான்றளிப்பிலும் மாற்றம் தேவை. விவசாயிகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்யும் பங்கேற்பு உத்தரவாத முறை நாட்டில் நடைமுறையில் உள்ளது. அந்தக் குழுக்களில் விவசாயத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளுக்கும் இடமளித்து, கூலி வழங்கப்பட்டதை அவர்கள் உறுதி செய்த பின்னரே சான்றிதழ் என்று விதிக்க இயலும்.

முதலாளித்துவ வேளாண்மையின் ஒவ்வொரு முன்னேற்றமும் மண்ணின் வளத்தையும் தொழிலாளியின் வலிமையையும் ஒருசேரச் சுரண்டுகிறது என்பதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். மண்ணை மட்டும் மீட்டுவிட்டுத் தொழிலாளியைச் சுரண்டலில் விட்டுவைக்க முடியும் என்பது இன்றைய ஆட்சியாளர்களின் கணக்கு.

இக்கணக்கை முறியடிக்கும் பணி விவசாயிகள் சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகள் அனைத்துக்கும் உரியது. இயற்கை வேளாண் தொகுப்புகள் எங்கெல்லாம் அமைக்கப்படுகின்றனவோ அங்கெல்லாம் கட்சி உறுப்பினர்கள் செல்ல வேண்டும். அங்கு வேலை செய்வோர் யார், எங்கிருந்து வந்தோர், எவ்வளவு கூலி பெறுவோர் என்ற விவரங்களைத் திரட்ட வேண்டும். பருவத் தொழிலாளர்களின் முகாம்களில் சங்கம் அமைக்க வேண்டும். கூலி உயர்வும் கட்டுப்படியாகும் விலையும் ஒரே போராட்டத்தின் இரு கோரிக்கைகள் என்பதைச் சிறு விவசாயிகளிடம் பொறுமையுடன் விளக்கி, அவர்களையும் அப்போராட்டத்தில் அணிதிரட்ட வேண்டும்.