கதிர்க்குருவி கதிர் தின்பதில்லை

காவிரி டெல்டாவில் சம்பா வயலை ஒட்டிய நாணலிலும் வரப்புப் புல்லிலும் ஓயாமல் குரல் கொடுக்கும் சின்னஞ்சிறு பழுப்புக் குருவிகளை, நெல் தின்ன வந்தவை என்று எண்ணி விரட்டுவோர் உண்டு. கதிர்க்குருவி என்ற பெயரும் அதற்கு இடம் கொடுக்கிறது. உண்மையில் அவற்றின் முக்கிய உணவு புழு, பூச்சிகளே. அலகைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். நெல்மணியை உடைக்கும் சில்லைக்குத் தடித்த கூம்பு அலகு; கதிர்க்குருவிக்கு ஊசி போன்ற மெல்லிய அலகு.

சாதா கதிர்க்குருவி, சாம்பல் கதிர்க்குருவி, விசிறிவால் கதிர்க்குருவி, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு ஆகியவை ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. பிளைத் நாணல் கதிர்க்குருவி ரஷ்யா, மத்திய ஆசியா போன்ற பகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் நம் நாட்டுக்கு வந்து ஏப்ரல் வரை தங்கும்.

குருவிகள் மட்டுமே பூச்சியைக் கட்டுப்படுத்திவிடும் என்று சொல்ல முடியாது. சிலந்தி, தட்டான், தவளை, ஒட்டுண்ணிக் குளவியோடு சேர்ந்து வேலை செய்பவை அவை. பூச்சியைப் பார்க்காமலே நாள் கணக்கு வைத்து மருந்தடித்தால் இந்தக் கூட்டம் முழுவதும் குலைகிறது. நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்த வயலில்தான் புகையான் பெருகுகிறது. செலவும் நமக்கு, சேதமும் நமக்கு.

எனவே மூன்று செயல்கள் தேவை. ஒன்று, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து தெளியுங்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு அது வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். இரண்டு, எலித் தொல்லையைக் குறைக்க வரப்பைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். அதை நடவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று, வாய்க்கால் ஓர நாணலுக்குத் தீ வைக்காதீர்கள். நீரோட்டத்துக்குத் தடையாக இருப்பதை மட்டும், கூடு இருக்கிறதா என்று பார்த்து, பகுதி பகுதியாக வெட்டுங்கள்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயலில் பறவைத் தாங்கி நடச் சொல்கிறோம். அதில் வந்து அமர்வது கரிச்சான். மறைவில் இரை தேடும் கதிர்க்குருவிக்குத் தேவை புதரும் புல்லும். வயல்வெளிப் பள்ளியில் பூச்சிகளை எண்ணும்போது இக்குருவிகளையும் காட்டிக் கொடுங்கள். அடையாளம் தெரிந்த விவசாயி அவற்றை விரட்டமாட்டார்.