மலையோர வடிகால்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். சேலம் பக்கமிருந்து வந்தால் மொத்தம் இருபது. எனக்கு இப்போதெல்லாம் கண் போவது சாலையின் உட்புறம், மலையை ஒட்டி ஓடும் வடிகாலுக்கும், அந்தத் தண்ணீரைச் சாலைக்கு அடியில் கடத்திவிடும் சிறுபாலங்களுக்கும்தான். அடுத்த மழையில் இந்தச் சாலை நிற்குமா என்பதைச் சொல்பவை அவைதான்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பழக்கமான அதே இனம். வயது சுமார் 250 கோடி ஆண்டு. உளிக்கே எளிதில் மசியாத இந்தக் கல்லையும் மழைநீர் கரைத்துவிடுகிறது. காற்றிலிருந்தும் மக்கும் இலைதழைகளிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும் நீர், மென்மையான அமிலமாகிப் பாறைக்குள் இறங்குகிறது. சோடியமும் கால்சியமும் முதலில் போகின்றன. பிறகு, மிக மெதுவாக, சிலிக்காவும் போகிறது. அலுமினியமும் இரும்பும் மட்டும் கரைய மறுத்துத் தங்கிவிடுகின்றன. 1,600 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் கோயில் பக்கத்து மேட்டு நிலங்களில் பாக்சைட் கிடைப்பது இதனால்தான். மேட்டூரில் அலுமினியம் செய்த மால்கோ நிறுவனம் இங்கிருந்து வெட்டி எடுத்த தாது, நீர் எடுத்துக்கொண்டது போக மலையில் எஞ்சியது.

இப்படிக் கரைவதற்கு மனித வரலாறே போதாது. மண் போவதற்கோ ஒரு ராத்திரி போதும்.

பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் தரையில் விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் துகள்களைச் சிதறடிக்கும்; சிதறிய துகள் மண்ணின் கண்களை அடைக்கும்; உள்ளே இறங்க வழியில்லாத நீர் சரிவில் ஓடத் தொடங்கும். அரிப்பு இங்கேதான் ஆரம்பம். நிழல்மரம் இருந்தால் போதும், மண் தப்பித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் உயரமான சில்வர் ஓக் மரத்தின் இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி, வானத்துத் துளியைவிடப் பெரிதாக இருக்கும். அதைத் தாங்குவது கீழே நிற்கும் காபிச் செடியும், தரையில் மெத்தையாகக் கிடக்கும் சருகும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இந்த இரு நூற்றாண்டில் சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, சருகை வாரிவிடாமல், செடிகளுக்கிடையே நீர் தேங்கக் குழி வெட்டிய தோட்டங்கள் தங்கள் மண்ணை ஓரளவு காப்பாற்றிக்கொண்டன. விடுதி கட்டுவதற்காகச் சரிவை நெட்டாக வெட்டிச் சமப்படுத்தும் இடத்தில் இது எதுவுமே மிஞ்சுவதில்லை.

ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொன்ன விதி இது. நேற்றுவரை மணலை மட்டும் நகர்த்திய ஓடை, இன்று குண்டுக்கல்லைச் சாலையில் கொண்டுவந்து போடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்மாவட்டங்கள் மேல் நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. ஏற்காட்டிலும் பேய்மழை. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. அவ்வளவு மழைக்கு எந்த மலையும் கொஞ்சம் சரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் சாலைக்காக அடிவாரம் வெட்டப்பட்ட சரிவு, நீர் ஊறிக் கனத்துவிட்ட பிறகு எதன்மேல் சாய்ந்து நிற்கும்? வடிகாலில் சருகும் சரளையும் அடைத்திருந்தால் நீர் சாலையைக் குறுக்கே கடந்து, வெளிப்புற விளிம்பையும் அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

இந்த மண் ஒரே திசையில் போவதில்லை. தெற்கே திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே ஓடிக் காவிரிக்குப் போகிறது; சரபங்காவும் காவிரிக்கே. வடக்கே வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணையில் தங்கித் தென்பெண்ணையில் கலக்கிறது. மலையில் ஒரு தோட்டக்காரர் இழக்கும் மேல்மண், வாணியாறு அணையில் வண்டலாகப் படிந்து, பாசனத்துக்கு நிற்க வேண்டிய தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏரியைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்கும் சமவெளி விவசாயி, மலைச்சரிவைப் பற்றியும் கேட்க உரிமையுள்ளவர்.

எனக்கு மிகவும் வலிப்பது சரிவுக்குப் பிறகு மலைச்சாலைகளில் வழக்கமாக நடப்பது. பொக்லைன் வருகிறது, விழுந்த மண்ணை அள்ளுகிறது, அப்படியே பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுகிறது. சாலை திறந்துவிடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. வேர்பிடிப்பே இல்லாத அந்த மண் அடுத்த கனமழையில் கீழேயிருக்கும் ஓடைக்குப் போகிறது, போகும் வழியில் நின்ற மரங்களையும் மூடிவிட்டு. சரிவைச் சீர்செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், அள்ளிய மண்ணை எங்கே கொட்ட வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே கொண்டுபோகும் லாரி வாடகையும் சேர்க்கப்பட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் சிறுபாலங்களின் வாய்களைத் திறந்துவைக்க ஆளும் கூலியும் ஒதுக்க வேண்டும். தடுப்புச்சுவர் கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை.