அச்சுத் துளையும் நாங்களே போடுவோம்!



கோடை வந்தால் திண்டிவனம் – விழுப்புரம் ரோட்டோரம் நுங்கு குவியும். தின்று முடித்த இரண்டு காயைக் குச்சியில் கோர்த்தால் நுங்கு வண்டி! அதை எல்லாரும் ஓட்டுவோம். ஆனால் துளை போடுறது மட்டும் பையன்கள். "நீ போட்டா கோணலாயிடும், குடு" என்பார்கள்.

துளை நேராக வரப் பலம் முக்கியம் இல்லை, கணக்குதான் முக்கியம். மூன்று கண்ணுக்கும் நடுவில் மையம். அங்கிருந்து எதிர்ப்பக்க நடுவுக்கு நேராகக் குத்தணும். மையம் தப்பினால் வண்டி குதிக்கும். துளை சாய்ந்தால் சக்கரம் ஆடும். வட்டம், மையம் எல்லாம் நாங்களும் படிக்கிற பாடம்தானே?

அமெரிக்காவில் டான் மர்ஃபி என்பவர் 1953-இல் சாரணச் சிறுவர்களுக்காக மரக்கட்டைக் கார் பந்தயம் தொடங்கினார். அதிலும் அச்சு கோணினால் கார் பின்தங்கிவிடும். அந்தச் சாரணர் அமைப்பில் சிறுமிகளைச் சேர்த்ததோ 2018-இல்தான்! நாமும் அவ்வளவு நாள் காத்திருக்கணுமா?

அறிவியல் கண்காட்சியிலும் எங்களுக்குக் கலர் பேப்பர் ஒட்டும் வேலைதான். இனிமேல் வண்டி செய்கிறவர் யாரானாலும் துளையும் அவரே போடட்டும். கையில் குத்திக்கொள்ளாமல் இருக்க ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தரணும். கோணினால் இன்னொரு காய் எடுத்துக்கலாம். நம்ம ஊரில் நுங்குக் காய்க்கா பஞ்சம்?

– 9-ஆம் வகுப்பு மாணவி