தலையைத் தூக்காவிட்டால் பந்து நேராகப் போய்விடுமா?

கோல்ஃபில் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்ட கோளாறுக்கும் மூன்று எண்ணங்கள் போதும் என்று நண்பர் ஒருவர் சாதிக்கிறார். தலையைத் தூக்காதே, இடது கையை மடக்காதே, மெதுவாக வீசு. பயிற்சியாளருக்குக் கொடுப்பது தண்டச் செலவாம். காசு மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். பந்து மட்டும் வழக்கம்போலப் புதருக்குள் கிடக்கும்.

அன்னிகா சோரன்ஸ்டாம் ஆடியதை நண்பர் பார்த்ததில்லை போலும். கிளப் பந்தைத் தொடும் முன்பே அவர் முகம் இலக்கின் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். டேவிட் டுவாலும் அப்படித்தான். டுவால் 1999-இலும் சோரன்ஸ்டாம் 2001-இலும் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தார்கள். இருவரும் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர்கள். இடது கை? கால்வின் பீட்டுக்குச் சிறுவயதில் முறிந்த இடது முழங்கை கடைசிவரை நீளவே இல்லை. 1981 முதல் 1990 வரை, பத்து ஆண்டுகளும், அமெரிக்க பிஜிஏ டூரில் டிரைவ் அடியை மிகத் துல்லியமாக அடித்தவர் அவர்தான். மூன்றாவது மந்திரத்துக்குப் பதிலே தேவையில்லை.

வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால், பெரும்பாலும் கிளப்பின் முகம் அது போகும் பாதைக்கு வலப்புறமாகத் திறந்திருக்கிறது. பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடி. உச்சியிலிருந்து கிளப் இறங்கிவர ஆவது கால் விநாடி. அதற்குள் எந்த எண்ணம் போய் எதைத் திருத்தும்? கோளாறு பல நேரம் வீசுவதற்கு முன்பே, பிடியில் இருக்கிறது. கிளப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள்: இடது கையில் ஒரு கணு மட்டும் தெரிந்தால் முகம் திறப்பதற்கு வழி வைத்தாகிவிட்டது, இரண்டு, மூன்று தெரிய வேண்டும். ஒருவருக்குப் பிடி, இன்னொருவருக்கு நிற்கும் கோணம். எல்லோருக்கும் ஒரே வாசகம் என்பது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் சேர்த்து டிரைவரிடம் ‘லெஃப்ட்ல ஒடி’ என்று சொல்லி அனுப்புவதுதான்.

எண்ணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1999-இல் காப்ரியேலே வுல்ஃபும் சகாக்களும் புதிதாகக் கற்பவர்களைச் சோதித்தார்கள். கை அசைவைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் வீச்சைக் கவனித்தவர்களே நன்றாக அடித்தார்கள். நண்பரின் மந்திரங்களோ தலை, கை என்று உடம்பிலேயே சுற்றுகின்றன. அவர் தரப்புக்கு உதவக்கூடிய ஆராய்ச்சியும் அவருக்கு எதிராகவே நிற்கிறது!

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் இதே சேலம்–நாமக்கல் வட்டாரத்திலிருந்தே ஒரு சாட்சி உண்டு. கிரிக்கெட் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015-இல் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கியதுமே பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது. ‘கையை மடக்காதே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவர் மீண்டுவிடவில்லை. பயிற்சியாளர்களோடு சேர்ந்து வீச்சைப் பிரித்து, புதிதாகக் கட்டினார். 2017-இல் பஞ்சாப் ஐபிஎல் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார்.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு அதற்கென்று ஓர் எண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. காரணமே தெரியாதவரிடம் மந்திரம் வாங்காதீர்கள்.