நாடகத்தில் தண்ணீர் ஓடட்டும்

தரம் 7 இல் படிக்கும்போது முதலுதவி பற்றிய ஒரு நாடகத்தில் நான் தாதியாக நடித்தேன். வகுப்பறை மேசை கட்டிலானது. ரோஸ் சர்பத்தைப் பஞ்சில் நனைத்து இரத்தமாக்கினோம். அடிபட்ட பிள்ளையின் தலையிலும் கையிலும் காலிலும் நான் வெள்ளைத் துணியைச் சுற்றச் சுற்ற மண்டபமே சிரித்தது. இறுதியில் டொக்டர் வந்து முதலுதவியின் முக்கியத்துவம் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். திரை மூடியது. எங்களுக்கு முதலிடம் கிடைத்தது. அந்தச் சான்றிதழ் இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

அடுத்து வந்த நோன்பில் ஒரு மாலை. நோன்பு திறக்கச் சில நிமிடங்களே இருந்தன. சாச்சியின் நான்கு வயது மகன் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தான். கஞ்சிக் கோப்பை அவன் கையில் கவிழ்ந்தது. கஞ்சி தண்ணீரைப் போல வழிந்தோடாது. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். உம்மாவும் சாச்சியும் சமையலறையில் இருந்தார்கள். பக்கத்தில் நின்றவள், சான்றிதழ் பெற்ற தாதியாகிய நான்தான். ஓடிப்போய்ப் பற்பசையை எடுத்து வந்து அவன் கையில் பூசினேன்.

வைத்தியசாலையில் அந்தப் பற்பசையைக் கழுவி எடுத்தபோது அவன் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. "உடனே குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்திருக்கலாமே மகள்" என்று அங்கிருந்த தாதி மெதுவாகச் சொன்னார். அவன் கையில் இன்றும் ஒரு வடு இருக்கிறது. தண்ணீர் ஊற்றியிருந்தால் அது வந்தே இராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை.

பற்பசை எனக்கு எப்படி நினைவுக்கு வந்தது? எங்கள் நாடகத்திலேயே அது இருந்தது. சூடுபட்ட பிள்ளைக்கு உம்மும்மா பாத்திரம் பற்பசை பூசும் காட்சிக்குத்தான் அதிகமான சிரிப்பு. அப்படிச் செய்யக் கூடாது என்று பின்னர் டொக்டர் ஒரு வரியில் சொல்வார். அந்த வரியை மறந்துவிட்டேன். கண்ணால் கண்டது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

இப்போது உயர்தரத்தில் படிக்கிறேன். இவ்வருடம் தங்கைமார் சிலர் தாங்கள் எழுதிய முதலுதவி நாடகத்தைப் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். அதே பற்பசை, அதே சிரிப்பு, அதே டொக்டர். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிழையைச் செய்து காட்டிவிட்டுச் சரியானதை வாயால் மட்டும் சொல்லும் நாடகம், பிழையைத்தான் கற்றுக்கொடுக்கிறது. மேடையில் சரியான செயலே நடக்க வேண்டும்.

சூடுபட்ட இடத்தை ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். ஐஸ், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். பின்னர் சுத்தமான துணியால் இறுக்காமல் மூடி வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வளவுதான்.

"எங்கள் நாடகமே 15 நிமிடம்தானே, 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுவது எப்படி?" என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. முதற் காட்சியிலேயே கையில் சூடு படட்டும். ராத்தா தம்பியின் கையைப் பிடித்துக் கோப்பையால் தண்ணீர் ஊற்றத் தொடங்கட்டும். உம்மும்மா பற்பசையோடு வரட்டும். பக்கத்து வீட்டு மாமி எண்ணெயோடு வரட்டும். எல்லோரும் சத்தம் போடட்டும். மக்கள் சிரிக்கட்டும். ராத்தா மட்டும் கையை விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்று அவள் சொல்லும்போது திரை மூடட்டும்.

அந்த நாடகத்தில் நான் முக்கியமாக எதிர்பார்க்கும் வசனம் வேறொன்று: "உம்மும்மா, கோவிக்காதீங்க, அத வையுங்க. முதல்ல தண்ணி." பெரியவர்களின் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது நல்ல வளர்ப்புத்தான். ஆனால் மரியாதை குறையாமல் மறுத்துச் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். அதை அழுகுரலுக்கு நடுவே முதன்முதலாகப் பழக முடியாது. ஒத்திகையில் பழகலாம்.

சிறுபிள்ளைகள் வைத்தியம் பார்க்கப் போனால் ஆபத்தல்லவா என்று சில பெற்றார் கேட்கக்கூடும். நியாயமான பயம். ஆனால் முதலுதவியில் பாதி, செய்யாமல் இருப்பதுதான். பாம்பு கடித்த இடத்தை வெட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. அசையாமல் வைத்து விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மூக்கால் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. முன்னால் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்யும். 1990 ஐ அழைத்து இடத்தையும் நடந்ததையும் தெளிவாகச் சொல்லவும் செய்யும். அந்த இலவச அம்பியூலன்ஸ் சேவையின் எண்ணை மேடையில் சத்தமாகச் சொன்னால் மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

பேச்சுப் போட்டிகளில் றுபைதா அல் அஸ்லமிய்யா (றழி) அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஃத் இப்னு முஆத் (றழி) அவர்கள் அந்தப் பெண்மணியின் கூடாரத்தில்தான் பராமரிக்கப்பட்டார்கள். அவர்களை நினைவுகூர்வது நாவோடு நின்றுவிடக் கூடாது. நம் கைகளுக்கும் வர வேண்டும்.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்பியூலன்ஸிலோ பயிற்சி பெற்ற ஒருவரை, மேடையேற்றத்துக்கு முன் ஓர் ஒத்திகைக்காவது அழையுங்கள். பிழைகளை அவர் அங்கேயே திருத்திவிடுவார்.

பெற்றாரிடமும் ஒன்று. நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் மகளிடம், "நல்லா இருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தம்பியின் கையில் கஞ்சி கொட்டினால் என்ன செய்வாய், செய்து காட்டு" என்று கேளுங்கள். அவள் நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போனால், அந்த நாடகம் வெற்றி பெற்றுவிட்டது. சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.