மடத்துக்குப் போகிறவளுக்கு எந்தப் படிப்பு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு எங்கள் வகுப்பில் இப்போதே தொடங்கிவிட்டது. துறவற வாழ்வை எண்ணிப் பார்க்கும் தோழியரும் எங்களிடையே உண்டு. "மடத்துக்குப் போகிறவளுக்கு எந்தப் பிரிவானால் என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். குருமடம் செல்ல விரும்பும் எங்கள் அண்ணன்மாரிடம், "கல்லூரியில் தத்துவம் படி, அங்கே உதவும்" என்கிறார்கள். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

திருச்சபைச் சட்டப்படி குருமாணவருக்கு இரண்டாண்டு தத்துவமும் நான்காண்டு இறையியலும் எப்படியும் உண்டு. விருந்துக்குப் போகிறவர் வீட்டிலேயே வயிறு நிறைய உண்டுவிட்டுப் போவானேன்? மக்களிடம் போய் நிற்கும்போது எது தேவைப்படுமோ, அதைக் கல்லூரியில் படிக்கலாமே!

தனிநாயகம் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தவரான அவர் 1938இல் உரோமையில் குருப்பட்டம் பெற்றவர். பல மொழிகள் அறிந்தவர். ஆயினும் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் பள்ளிக்கு வந்தபோது தம் தமிழ் போதாது என்று உணர்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழ் பயின்றார். குருவானபின் மாணவராக அமர அவர் வெட்கப்படவில்லை. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதில் அவர் பங்கு பெரிது. மறையுரை கேட்டுக்கொண்டே கொட்டாவி விடும் நாங்கள், குருமாணவர் அனைவரும் தமிழ் இலக்கியம் படித்தால் மகிழ்வோம்!

ஆஸ்திரேலியாவின் மேரி குளோரி 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். இந்தியத் தாய்மாரின் துயரைப் பற்றி ஒரு சிறு நூலில் அவர் படித்தது 1915இல்தான். 1920இல் குண்டூர் வந்து கன்னியர் சபையில் சேர்ந்து, திருத்தந்தையின் தனி அனுமதியுடன் மருத்துவம் செய்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தேவ அழைத்தல் வந்தபோது அவர் கையில் தொழில் இருந்தது.

"பட்டம் வாங்கினால் மனம் மாறிவிடுமே" என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் பொய்யென்று சொல்லமாட்டோம். ஆனால் மூன்றாண்டில் மாறக்கூடிய மனம், வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு மாறுவதைவிட முன்பே மாறுவது நல்லதல்லவா? கணக்குக்குப் பயந்து எளிய பிரிவை எடுத்துவிட்டு அதற்குத் தேவ அழைத்தலைக் காரணம் காட்டுவதும் கூடாது. (இதைப் படித்து எங்களில் ஒருத்தி சிரிப்பாள்!)

பதினோராம் வகுப்பில் உயிரியலை விட்டவள் பின்னாளில் மருத்துவராகவோ பட்டம் பெற்ற செவிலியாகவோ ஆக விரும்பினால் வழி எளிதல்ல. ஆகவே பெற்றோரே, மகள் மடத்தைப் பற்றிப் பேசினால், "எந்தப் பிரிவானால் என்ன" என்னாமல், யாருக்குப் பணி செய்ய விரும்புகிறாய் என்று கேளுங்கள். விண்ணப்பத்தைப் பிறகு நிரப்பலாம்.